மின்னுவதெல்லாம் யுரேனியமா?

இருட்டு அறை. மேஜை மேல் ஒரு கல். யாரோ ஒருவர் ஊதா நிற விளக்கை அதன் மேல் பிடிக்கிறார். உடனே அந்தக் கல் பச்சையும் மஞ்சளுமாக, எலுமிச்சம் பழத்துக்குள் விளக்கேற்றியது போல ஒளிர்கிறது. விளக்கை அணைத்ததும் கல் பழையபடி இருட்டில் மறைந்துவிடுகிறது.

செல்போனில் இந்தப் படத்தை எனக்குக் காட்டியவர் மான்கூர்டில் பழைய இரும்பு பிரிக்கும் வேலை பார்க்கிறவர். திருநெல்வேலிச் சீமைக்காரர். ஊருக்குப் போக டிக்கெட் எடுக்கும்போது என் கவுண்டருக்குத்தான் வருவார். அன்று அவர் டிக்கெட் எடுக்க வரவில்லை. யோசனை கேட்க வந்தார்.

"அண்ணாச்சி, இது யுரேனியமாம். கல்லுக சேர்த்து வைக்கிற ஒரு பெரியவர் வீட்டு அலமாரியில இருக்காம். கிலோ மூணு கோடிக்குப் போகுமாம். டெஸ்ட் பண்ண மட்டும் அஞ்சு லட்சம் வேணுமாம். பத்துப் பேர் ஆளுக்கு அம்பதாயிரம் போடுறதா பேச்சு. நீங்க பேப்பருக்கு எழுதுறவரு. போடலாமா, வேண்டாமா, சொல்லுங்க."

ஐம்பதாயிரம் ரூபாய் அவருக்குச் சின்னத் தொகை அல்ல. மகளை நர்சிங் படிப்பில் சேர்க்க வைத்திருக்கும் பணம் அது.

நான் இரண்டே கேள்வி கேட்டேன். "கல் பொய்யாக இருந்தால் என்ன ஆகும்?" "பணம் போகும்" என்றார். "கல் மெய்யாக இருந்தால்?" என்றேன். "கோடி வரும்" என்றார். இல்லை. கல் மெய்யாக இருந்தால் வருவது போலீஸ். இதை மட்டும் அவரிடம் யாரும் சொல்லவில்லை.

ஆக, இந்த வியாபாரத்தில் இரண்டு பக்கமும் பள்ளம். ஆனாலும் நம்மவர்கள் இதில் ஏன் விழுகிறார்கள்? ஒளிரும் கல்லில் உண்மையில் என்னதான் இருக்கிறது? மூன்று கோடி என்ற விலை எங்கிருந்து வந்தது? நிதானமாகப் பார்ப்போம்.

கவுண்டர் விளக்கு சொல்லும் பாடம்

முதலில் அந்த ஒளி. என் கவுண்டரில் கள்ள நோட்டு பார்க்கும் சின்ன ஊதா விளக்கு ஒன்று உண்டு. ஐநூறு ரூபாய் நோட்டை அதன் கீழே வைத்தால் நம்பர் எழுதியிருக்கும் இடம் ஒளிரும். காகிதத்தில் கலந்திருக்கும் மெல்லிய இழைகள் ஒளிரும். சோப்புத் தூளில் துவைத்த என் வெள்ளைச் சட்டையும் நீலமாக ஒளிரும். நோட்டிலும் யுரேனியம் இல்லை, சட்டையிலும் இல்லை.

கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பிக் கொடுக்கும் குணம் பல பொருள்களுக்கு உண்டு. இதற்குப் பெயர் ஃபுளோரசென்ஸ், ஒளிர்தல். விளக்கு இருக்கும்வரை ஒளி. விளக்கை அணைத்தால் ஒளியும் போய்விடும். கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறதே தவிர, கல் சொந்தமாக எதையும் செலவழிப்பதில்லை.

நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. நாசிக், ஜல்காவ், புனா வட்டாரத்துக் கரும்பாறைகளுக்குள் அழகான படிகங்கள் விளைகின்றன. போர் காட் மலையில் ரயில் பாதை போடப் பாறையை வெட்டியபோதே இப்படிப்பட்ட படிகங்கள் கிடைத்து, சீமைக்குப் போயின. இன்றும் உலகம் முழுவதும் கல் சேகரிப்பவர்கள் இவற்றைத் தேடி வாங்குகிறார்கள். அவற்றுள் நாசிக் பக்கம் கிடைக்கும் பாவெல்லைட் என்ற கல் ஊதா விளக்கில் பளிச்சென்று மஞ்சளாக ஒளிரும். அதில் கதிரியக்கம் கிடையாது.

இன்னொரு குழப்பம் நம் பேச்சு வழக்கிலேயே இருக்கிறது. லாரிக்குப் பின்னால் ஒட்டும் பளபள ஸ்டிக்கரை நாம் "ரேடியம்" என்கிறோம். "ரேடியம் கட்டிங்" என்று கடைக்குப் பலகை போடுகிறோம். அந்த ஸ்டிக்கரில் ரேடியம் ஒரு துளியும் இல்லை. பின்னால் வரும் வண்டியின் விளக்கொளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் பிளாஸ்டிக் தாள் அது. ஒரு காலத்தில் கடிகார முட்களில் நிஜ ரேடியம் பூசினார்கள். அமெரிக்காவில் அந்த வேலை பார்த்த இளம் பெண்கள் பிரஷ்ஷின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கிப் பூசினார்கள். 1920-களில் அவர்களில் பலர் தாடை எலும்பு அரித்து, இரத்தம் கெட்டு இறந்தார்கள். பெயர் மட்டும் நம் நாக்கில் தங்கிவிட்டது. மின்னினால் ரேடியம் என்று சொல்லிப் பழகியவர்களிடம், மின்னும் கல்லை யுரேனியம் என்று நம்ப வைப்பது சுலபம்.

மேஜை டிராயருக்குள் நடந்த கதை

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் வந்ததல்ல. உலகத்தின் பெரிய விஞ்ஞானிக்கே வந்திருக்கிறது. பாரிஸ் நகரத்தில் ஹென்றி பெக்கெரல் என்று ஒருவர். அவருடைய தாத்தாவும் தகப்பனாரும் ஒளிரும் பொருள்களை ஆராய்ந்தவர்கள். 1896-இல் அவர் யுரேனியம் உப்பை வெயிலில் வைத்து ஒளிரச் செய்து, அந்த ஒளியோடு வேறு ஏதாவது கதிர் வருகிறதா என்று பார்க்க நினைத்தார். கறுப்புக் காகிதம் சுற்றிய போட்டோ பிளேட்டின் மேல் உப்பை வைத்தார். ஆனால் பாரிஸில் சில நாட்களாக வெயில் இல்லை. எல்லாவற்றையும் அப்படியே டிராயரில் போட்டு மூடிவிட்டார்.

மார்ச் முதல் தேதி அந்தப் பிளேட்டைக் கழுவிப் பார்த்தபோது அதில் உப்பின் உருவம் அழுத்தமாக விழுந்திருந்தது. வெயில் படவில்லை. உப்பு ஒளிரவில்லை. ஆனாலும் ஏதோ ஒரு கதிர் காகிதத்தைத் தாண்டி வந்திருக்கிறது. ஒளிர்வது வேறு, கதிர் வீசுவது வேறு என்று மனிதன் தெரிந்துகொண்டது அன்றுதான். 1903-இல் கியூரி தம்பதியோடு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் டிராயருக்குள் முடிந்துபோன விவகாரத்தை, இன்று செல்போனில் காட்டிக் காசு பறிக்கிறார்கள்.

அலமாரியில் இருக்கும் கல்

அப்படியானால் ஒளிரும் யுரேனியக் கல்லே கிடையாதா? உண்டு. அதை மறைத்துப் பேசக் கூடாது. மறைத்தால் ஏமாற்றுக்காரன் அதைக் காட்டியே நம்மை மடக்குவான்.

அந்தக் கல்லின் பெயர் ஆட்டுனைட். பிரான்சில் ஆட்டுன் என்ற ஊர்ப் பக்கம் கிடைத்ததால் அந்தப் பெயர். கால்சியம், யுரேனியம், பாஸ்பேட், தண்ணீர் நான்கும் சேர்ந்தது. மெல்லிய தகடுகளை அடுக்கி வைத்தது போல, மஞ்சளும் பச்சையுமாக இருக்கும். ஊதா விளக்கில் வேறு எந்தக் கல்லும் தோற்றுப் போகும் அளவுக்கு ஒளிரும். அமெரிக்காவில் வாஷிங்டன் மாகாணத்தில் ஸ்போகேன் மலைப் பக்கம் டேபிரேக் என்ற சுரங்கத்தில் கிடைத்த ஆட்டுனைட் கல் சேகரிப்பவர்களிடையே பெயர் பெற்றது. அந்த நாட்டில் பதப்படுத்தாத தாதுக் கல்லைத் தனி ஆள் வீட்டில் வைத்துக்கொள்ள லைசென்ஸ் தேவையில்லை. நாம் தபால் தலை சேர்ப்பது போல அங்கே கல் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். சாதாரண ஆட்டுனைட் துண்டு சில பத்து டாலருக்கோ சில நூறு டாலருக்கோ கைமாறுகிறது. கோடிக்கு அல்ல.

ஆனால் அந்தக் கல்லிலும் ஒளி வருவது கதிரியக்கத்தால் அல்ல. யுரேனியமும் ஆக்ஸிஜனும் சேர்ந்த கூட்டுக்கு ஊதா ஒளியை வாங்கிப் பச்சையாகத் திருப்பித் தரும் குணம் இருக்கிறது. அவ்வளவுதான். யுரேனியம் அதிகமாக இருக்கும் தாது பிட்ச்பிளெண்ட். அது கன்னங்கரேல் என்று தார்க்கட்டி போல இருக்கும். ஊதா விளக்கை எவ்வளவு நேரம் பிடித்தாலும் ஒளிராது.

ஆக, மின்னுவதில் யுரேனியம் இல்லாமல் இருக்கலாம். யுரேனியம் மின்னாமல் இருக்கலாம். ஊதா விளக்கு இதில் சாட்சியே அல்ல.

சொந்தமாக ஒளி வீசும் கதிரியக்கமும் உண்டு. நமக்கு எதிரே டிராம்பேயில் 1956 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கிய முதல் அணு உலையில், தண்ணீருக்குள் நீல ஒளி தெரிந்தது. அந்த அழகைப் பார்த்துத்தான் நேரு அதற்கு "அப்ஸரா" என்று பெயர் வைத்தார். ஆனால் அது உலைக்குள் தெரிகிற ஒளி. சட்டைப் பையில் கொண்டுவரும் கல்லில் அது வராது.

மூன்று கோடி எங்கிருந்து வந்தது?

இனி விலைக்கு வருவோம். "கிலோ மூணு கோடி" என்று நண்பர் சொன்னதும் எனக்கு ஒரு பழைய செய்தி ஞாபகம் வந்தது.

2021 மே மாதம் மகாராஷ்டிரா பயங்கரவாதத் தடுப்புப் போலீசார் இரண்டு பேரைக் கைது செய்ததாக அறிவித்தார்கள். 7.1 கிலோ இயற்கை யுரேனியம் பிடிபட்டது. பாபா அணு ஆராய்ச்சி மையம் சோதித்து, அது யுரேனியம்தான், தூய்மை 90 சதவீதத்துக்கு மேல் என்று சொல்லியது. மதிப்பு 21 கோடியே 30 லட்சம் ரூபாய் என்று எல்லாப் பத்திரிகைகளும் கொட்டை எழுத்தில் போட்டன. 1962-ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானது. பிறகு தேசியப் புலனாய்வு நிறுவனம் அந்த வழக்கை எடுத்துக்கொண்டது.

21 கோடியே 30 லட்சத்தை 7.1-ஆல் வகுத்துப் பாருங்கள். கிலோவுக்குச் சரியாக மூன்று கோடி. மான்கூர்டில் பேசப்படும் விலை பத்திரிகையில் வந்த விலைதான்!

இப்போது கடைக் கணக்கைப் பார்ப்போம். 2021 மே மாதம் உலகச் சந்தையில் யுரேனியம் ஆக்ஸைடு ஒரு பவுண்டு சுமார் 30 டாலர். கிலோ கணக்கில் 66 டாலர். அன்றைய ரூபாய் மதிப்பில் ஐந்தாயிரத்துக்குள். 7.1 கிலோவுக்கு முப்பத்தைந்தாயிரம் ரூபாய். 2024 ஜனவரியில் பவுண்டு விலை நூறு டாலரைத் தாண்டியது. அந்த விலையைப் போட்டாலும் 7.1 கிலோ ஒன்றரை லட்சத்தைத் தொடாது. ஆக்ஸைடை உலோகமாக மாற்றும் செலவைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் கோடி எங்கே வருகிறது? அந்த நியாய விலைக்கு வாங்குகிறவர்களும் அரசாங்கங்களும் அணுமின் நிலையங்களும்தான். மான்கூர்டுச் சந்தில் வந்து சாக்கு மூட்டையில் வாங்க மாட்டார்கள்.

"90 சதவீதம்" என்ற சொல்லும் பலரை மிரட்டிவிட்டது. அணுகுண்டுக்கு 90 சதவீத யுரேனியம் வேண்டும் என்று கேள்விப்பட்டவர்கள், இதுவும் அதுவும் ஒன்று என்று நினைத்தார்கள். இது தூய்மை, அது செறிவு. எவ்வளவு தூய்மையான இயற்கை யுரேனியமாக இருந்தாலும், ஒரு கிலோவில் குண்டுக்குப் பயன்படும் 235 வகை வெறும் ஏழு கிராம்தான். அதைப் பிரித்து 90 சதவீதத்துக்குக் கொண்டுவர ஒரு நாட்டின் பணமும் தொழிற்சாலையும் வேண்டும். போலீஸ் கைப்பற்றியது குற்றச் சாமான் என்பதில் சந்தேகமில்லை. அது குண்டும் அல்ல, 21 கோடியும் அல்ல.

அடுத்த மாதமே இன்னொரு செய்தி. 2021 ஜூனில் ஜார்க்கண்ட் மாநிலம் பொகாரோவில் ஏழு பேரைப் போலீசார் பிடித்தார்கள். ஆறு கிலோவுக்கு மேல் யுரேனியம் என்று செய்தி வந்தது. வெளிநாட்டுப் பத்திரிகைகள்கூட இந்தியாவில் அணுப் பொருளுக்குப் பாதுகாப்பு இல்லை என்று எழுதின. அணுசக்தித் துறை சோதித்தது. அது யுரேனியமே அல்ல, கதிரியக்கப் பொருளே அல்ல என்று வெளியுறவுத் துறை அதே மாதம் அறிவித்தது.

பிடிபட்டது முதல் பக்கத்தில் வந்தது. ஒன்றுமில்லை என்பது உள்பக்கத்தில் வந்தது. இதனால் மக்கள் மனத்தில் தங்கியது எது? "யுரேனியம் வெளியே கிடைக்கிறது, அதற்குக் கோடி விலை" என்பது மட்டும்தான். ஏமாற்றுக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் வேண்டுமா? பேப்பருக்குச் செய்தி கொடுக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. "மதிப்பு எத்தனை கோடி?" என்று போலீசாரிடம் முதலில் கேட்பவர்கள் நாங்கள்தான்.

பழைய சரக்கு, புதிய பெயர்

ஊரில் "இரிடியம்" என்றும், "ரைஸ் புல்லர்" என்றும், கோயில் கலசம் என்றும் வந்த மோசடிக்கு இது தம்பி. செம்புப் பாத்திரம் அரிசியை இழுக்கும், அதை விண்வெளி ஆராய்ச்சிக்காரர்கள் கோடிக்கு வாங்குவார்கள் என்று சொல்லித் தமிழ்நாட்டில் எத்தனை குடும்பங்களை நடுத்தெருவில் விட்டார்கள்! டெல்லியில் 2018-இல் ஒரு தகப்பனும் மகனும் பிடிபட்டார்கள். விண்வெளி வீரர் போல உடை அணிந்து "கதிரியக்க டெஸ்ட்" நடத்தி, அமெரிக்காவின் நாசா வாங்கப்போகிறது என்று நம்ப வைத்து, ஒரு வியாபாரியிடம் 1 கோடியே 43 லட்சம் ரூபாய் கறந்திருந்தார்கள்.

எல்லாக் கதையிலும் ஒரே அச்சு. பொருள் வேறொருவர் வீட்டில் இருக்கும். வாங்குபவர் வெளிநாட்டில் இருப்பார். நடுவில் "டெஸ்ட்" என்று ஒரு செலவு வரும். அந்தச் செலவு மட்டும் நம் தலையில் விழும். மான்கூர்டுக் கதையில் இந்த நான்கும் இருக்கின்றனவா, இல்லையா? வாசகர்களே சொல்லட்டும்.

மெய்யாக இருந்தால்?

ஏதோ ஒரு வழியில் வந்த நிஜ ஆட்டுனைட் அந்த அலமாரியில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது ஆபத்து என்ன? இதிலும் அளவோடு பேச வேண்டும்.

யுரேனியத்தின் ஆயுள் மிக நீளம். இருப்பதில் பாதி அழிய 447 கோடி ஆண்டுகள் ஆகும். மெதுவாக அழிவதால் அதன் கதிர் வேகமும் குறைவு. அது வீசும் ஆல்ஃபா கதிரை ஒரு காகிதம் தடுத்துவிடும், மேல் தோல் தடுத்துவிடும். மூடிய பெட்டியில் இருக்கும் சின்னக் கல்லை எட்ட நின்று பார்ப்பதால் யாரும் சாக மாட்டார்கள்.

ஆபத்து தூளில் இருக்கிறது. ஆட்டுனைட் வறண்ட காற்றில் தண்ணீரை இழந்து உதிரும் கல். அந்தத் தூள் கையில் ஒட்டி, பீடியோடும் சோற்றோடும் உள்ளே போனால், காகிதம் தடுக்கும் அதே கதிர் நுரையீரலுக்குள்ளும் எலும்புக்குள்ளும் உட்கார்ந்து வேலை செய்யும். அதோடு யுரேனியத் தாதுக்களிலிருந்து ராடான் என்ற வாயு வெளிவரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பல கற்களைக் காற்றோட்டமில்லாத அறையில் பூட்டி வைத்தால் அது சேர்ந்துகொண்டே போகும். நுரையீரல் புற்றுநோய்க்கு அது காரணமாகும். தனி ஆள்களிடம் உள்ள கல் சேகரிப்புகளால் வீட்டில் ராடான் கூடும் என்று பிரிட்டனில் ஆராய்ச்சி செய்தவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். சேகரிப்பவர் படித்தவர், பெட்டியில் வைப்பார், கை கழுவுவார். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுத்துத் தூங்கும் இடத்தில், கட்டிலுக்கு அடியில் அதே கல்லை ஒளித்து வைத்தால் என்ன ஆகும்?

சேகரிப்பு என்று சொல்லித் தப்பவும் முடியாது. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து இளைஞர் ஒருவர் எல்லாத் தனிமங்களையும் சேர்த்து வைக்கும் ஆசையில் தபாலில் துளி அளவு புளூட்டோனியம் வரவழைத்தார். 2023-இல் அதிகாரிகள் வந்து தெருவையே காலி செய்தார்கள். கெட்ட எண்ணம் இல்லை என்பதால் 2025 ஏப்ரலில் கோர்ட் அவரைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை ஜாமீனில் விட்டது. நம் நாட்டில் 1962-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் பார்லிமெண்டில் புதுச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. அணுமின் தொழிலில் தனியாருக்கு இடம் கொடுக்கும் சட்டம் அது. ஆனால் அனுமதி இல்லாமல் யுரேனியம் வாங்கலாம், விற்கலாம் என்று அது யாருக்கும் சொல்லவில்லை. இதை யாராவது திரித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

மின்னாத எமன், மின்னிய எமன்

பழைய இரும்பு வேலை பார்க்கும் நம்மவர்கள் இரண்டு சம்பவங்களை மறக்கக் கூடாது.

ஒன்று டெல்லி மாயாபுரி. 2010 பிப்ரவரியில் டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை, 1985 முதல் சும்மா கிடந்த ஒரு கருவியை ஏலத்தில் பழைய இரும்புக்குப் போட்டது. உள்ளே கோபால்ட்-60 இருந்தது. மாயாபுரிக் கடைகளில் அதை உடைத்துப் பிரித்தார்கள். ஏழு பேர் கதிர் பட்டு ஆஸ்பத்திரியில் விழுந்தார்கள். ஏப்ரலில் ஒருவர் இறந்தார். அந்தக் கோபால்ட் மின்னவில்லை. சாதாரண உலோகம் போலத்தான் இருந்தது.

மற்றொன்று பிரேசில் நாட்டுக் கோயானியா நகரம், 1987 செப்டம்பர். கைவிடப்பட்ட புற்றுநோய் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கருவியை இரண்டு பேர் எடுத்துவந்து பழைய இரும்புக் கடையில் போட்டார்கள். உள்ளே இருந்த சீசியம்-137 இரவில் நீலமாக ஒளிர்ந்தது. அதிசயம் என்று கடைக்காரர் சொந்தக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார், துளித் துளியாகப் பங்கிட்டும் கொடுத்தார். ஆறு வயதுப் பெண் குழந்தை கையில் அந்தத் தூளோடு சாப்பிட்டது. நான்கு பேர் இறந்தார்கள். அந்தக் குழந்தையும் ஒன்று. ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேரைச் சோதித்ததில் 249 பேர் மேல் அந்தத் தூள் பட்டிருந்தது தெரிந்தது.

எல்லாரும் நோயில் விழுவதைப் பார்த்து, இந்தத் தூள்தான் காரணம் என்று முதலில் சந்தேகப்பட்டவர் டாக்டர் அல்ல. அந்தக் கடைக்காரரின் மனைவி. மிச்சமிருந்ததைப் பையில் போட்டு, பஸ் ஏறி, சுகாதார அலுவலகத்தில் கொண்டுபோய் வைத்தார். அவரால் ஊர் பிழைத்தது. அவர் பிழைக்கவில்லை. இறந்த நால்வரில் அவரும் ஒருவர்.

யார் என்ன செய்ய வேண்டும்?

நம் பகுதியில் இந்தக் கதைகள் எடுபடுவதற்கு ஒரு காரணம் உண்டு. 1976-இல் அவசர நிலைக் காலத்தில், அணு ஆராய்ச்சி மையத்துக்காக மான்கூர்டு ஜனதா காலனியைக் காலி செய்து மக்களைச் சீதா கேம்புக்கு அனுப்பினார்கள். அதை எதிர்த்துப் போராடிய ஜோக்கின் அற்புதம் நம் தமிழர், கோலார் தங்க வயலிலிருந்து வந்தவர். 2000-இல் மகசேசே விருது பெற்றவர். அந்தச் சுவரை ஒட்டி அரை நூற்றாண்டாக வாழும் மக்களுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று யாரும் அவர்கள் பாஷையில் சொன்னதில்லை. சொல்லாத இடத்தில் வதந்திதான் குடியேறும்.

அரசாங்கம் மூன்று காரியம் செய்யலாம். பிடித்த பொருளைச் சோதனைச் சாலை பார்த்துச் சொல்லும் வரை "யுரேனியம்" என்று பெயர் வைக்காமல், கோடிக் கணக்கு சொல்லாமல் இருக்கலாம். பழைய இரும்பு மார்க்கெட்டுகளில் கதிர் அளக்கும் கருவியை வைத்து, கருவி எப்படிப் பேசும் என்று தொழிலாளிக்குக் காட்டலாம். சந்தேகப் பொருளைத் தானாக வந்து சொல்பவரைக் குற்றவாளியாக நடத்த மாட்டோம் என்று மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் எழுதி ஒட்டலாம். கோயானியாவில் அந்த அம்மாள் பஸ் ஏறியதால் ஊர் பிழைத்தது. போலீசுக்குப் பயந்து அவர் அதைச் சாக்கடையில் கொட்டியிருந்தால்?

நாம் செய்ய வேண்டியதும் கொஞ்சம்தான். மஞ்சள் பலகையில் மூன்று இதழ் கொண்ட விசிறி போன்ற அடையாளம் பொறித்த எந்தப் பொருளையும் உடைக்காதீர்கள், உருக்காதீர்கள். கையளவே இருந்தும் ஈயம் போலக் கனக்கிற மூடிய டப்பாவைத் திறக்காதீர்கள். தொட்டிருந்தால் கையை நன்றாகக் கழுவுங்கள், பிறகு சாப்பிடுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டாம். எட்டி நின்று 112-க்குப் போன் செய்யுங்கள். ஒளிரும் கல்லைக் காட்டிப் பணம் கேட்டால், அதே 112-க்கு அதையும் சொல்லுங்கள்.

இதையெல்லாம் அன்று கவுண்டரில் வைத்துச் சொல்ல முடியவில்லை. பின்னால் வரிசை நின்றது. என் ஊதா விளக்கின் கீழ் அவருடைய சட்டைக் காலரை வைத்துக் காட்டினேன். பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தது. "இதுவும் யுரேனியமா?" என்றேன். சிரித்துக்கொண்டே போனார்.

அடுத்த வாரம் வந்து, பணம் போடவில்லை என்றார். மகளுக்குக் கல்லூரியில் முதல் தவணை கட்டிவிட்டாராம். மற்ற ஒன்பது பேரில் இரண்டு பேர் முன்னமே முன்பணம் கொடுத்துவிட்டார்களாம், வாங்கியவன் போன் எடுப்பதில்லையாம். மிச்சம் ஏழு பேர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த ஏழு பேரில் யாராவது ஒருவர் கையில் இன்றைய பேப்பர் கிடைத்தால் போதும். மற்றவர்களுக்குப் படித்துக் காட்டட்டும்.